வெள்ளைப் பேசினில் இருபத்தொரு நாள்

அக்டோபர் 26, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. இறால் தொட்டிக்கு வாங்கின புதுச் செடிகளுக்கு இன்று பத்தொன்பதாம் நாள்.

பின்பக்கம் வாஷ்பேசினில் கிடக்கின்றன. விளிம்பில் முடி போல ஒரு விரிசல், அதனால் நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்டது. இந்த ஊரில் எந்த வீட்டுப் பின்பக்கம் போனாலும் இப்படி ஒன்று கிடக்கும். கோழிக்குத் தண்ணீர் வைக்க, துணி ஊறப்போட. நான் ஓட்டையை ரப்பர் தக்கையால் அடைத்து, தொட்டியில் வைக்கும் முன் இருபத்தொரு நாள் செடிகளுக்குக் காவல் அறை ஆக்கிவிட்டேன்.

செடி மூன்று வகை. பாசி, அனுபியாஸ், நாடா மாதிரி நீளமாக வளரும் ஒன்று. சேத்தியாத்தோப்பு ஜெயசீலி அக்கா வீட்டில் வளர்த்துக் கொடுப்பது. கண்டக்டர் கையில் டப்பாவாக வந்தது. நல்ல செடி. ஆனால் அங்கே சுற்றிலும் நெல் வயல். மருந்து அடிக்காத வயல் உண்டா. மீனுக்கு ஒன்றும் செய்யாத பூச்சிமருந்து இறாலைக் கொன்றுவிடும். பூச்சிக்கு இறால் நெருங்கிய சொந்தம்.

செய்து முடித்தது:
– வேரைச் சுற்றியிருந்த தேங்காய் நாரை ஊசியால் பிய்த்து எடுத்தேன். இரண்டு மணி நேரம். கழுத்து வலி.
– அழுகல் இலைகளைக் கத்தரித்தேன்.
– படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தேன், நத்தை முட்டை இருந்தால் சாக.
– இரண்டு வாரம் தினமும் தண்ணீர் மாற்றம்.
– 23 முதல் மாற்றவில்லை. வேண்டுமென்றேதான். மருந்து மிச்சம் இருந்தால் தேங்கின தண்ணீரில் தெரிந்துவிடும்.
– 24 அன்று அந்தத் தண்ணீரிலேயே ஒரு பாட்டில். துணுக்குப் பாசி, இரண்டு இறால். பரீட்சை.

ஹாலில் இரண்டடித் தொட்டி. மூன்று வருடம் முன்பு செர்ரி என்கிற சின்னச் சிவப்பு இறால் பத்தோடு ஆரம்பித்தது. இப்போது எழுபதுக்கு மேல், எண்ண முடியவில்லை. சூளையில் ஒரு சூடு மட்டும் கண்ட, மேற்பூச்சு இல்லாத சின்னப் பீங்கான் குழாய்களில் பதுங்கிக்கொள்ளும். பச்சைப் பூச்சு போட்டதை உள்ளேயே விடமாட்டேன். அதில் தாமிரம், இறாலுக்கு விஷம். அந்தப் பூச்சைக் கலக்குவதே என் வேலை, எனக்குத் தெரியாதா.

நானும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. இதில் எனக்கென்று உள்ளது புத்தக அலமாரியும் இந்தத் தொட்டியும்தான்.

அம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் யாரிடமோ: "ஊர்ல எறா வாங்குனா கொழம்பு வெப்பாங்க. எங்க வூட்ல அதுக்குத் தோட்டம் போடுறாங்க."

அக்டோபர் 27, திங்கள்

மழை விட்டது. புழுக்கம். பரீட்சைப் பாட்டிலில் இரண்டு இறாலும் மேய்கின்றன. நான்காம் நாள்.

பேசினில் கொசுப்புழு. வெள்ளை அடிப்பாகத்தில் பளிச்சென்று தெரிகிறது, வளைந்து நெளிந்து, நிறைய. எனக்குச் சந்தோஷம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் புழு வாழ்கிற தண்ணீரில் பூச்சிமருந்து ஏது? இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அம்மாவுக்கு அது புரியவில்லை. எதிர் வீட்டுப் பெண் குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கொட்டிவிடு என்றாள். புதன்கிழமை நானே கொட்டுகிறேன் என்றேன். விடவில்லை. கடைசியில் கத்திவிட்டேன்.

"அந்த பேசின்ல கைய வச்ச, அப்பறம் இருக்குது உனக்கு."

உள்ளே போனாள். போகட்டும். இரண்டு நாளில் புழு கொசுவாகிவிடாது. படித்திருக்கிறேன்.

நாளை கம்மாபுரம். சித்தி புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாள். பழைய வீடும் நிலமும் சுரங்கத்துக்குப் போகப் போகிறதாம், எப்போது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. புதன் சாயந்திரம் திரும்ப வேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்

வெயில். நேற்று வரத் தாமதம், ஸ்கூட்டி பஞ்சர். இன்று விடிந்ததும் பேசினைப் பார்த்தேன். புழு ஒன்றுகூட இல்லை. அம்மா தண்ணீரை மாற்றிவிட்டாள் போல. சொன்னால் கேட்கும் ஜென்மமா. அவளிடம் விசாரிக்கவும் இல்லை, நேரமும் இல்லை.

இருபத்தொரு நாள் முடிந்து இரண்டு நாள் கூடவே ஆகிவிட்டது. செடிகளை இரண்டு முறை அலசித் தொட்டியில் வைத்தேன். அனுபியாஸைக் குழாயோடு நூலால் கட்டினேன். பாசியைப் பின்மூலையில் விரித்தேன். ஐந்தே நிமிடத்தில் சிவப்பாக ஒரு கூட்டம் பாசி மேல். கம்பெனிக்குப் பத்து நிமிடம் லேட். பரவாயில்லை.

ஜெ. அக்காவுக்கு போட்டோ அனுப்பினேன். "சந்தோஷம்மா" என்று பதில், கூடவே ஒரு பூ.

அக்டோபர் 31, வெள்ளி

செத்துவிட்டன.

ஐந்தரைக்கு எழுந்து லைட் போட்டேன். முதலில் எல்லாம் ஒரே நேரத்தில் நீந்துகிற மாதிரி இருந்தது. நீந்தவில்லை. துடிக்கின்றன. மல்லாந்து காலை உதறுகின்றன. அடியில் ஏற்கெனவே வெளுத்துப்போனவை. முட்டை சுமந்துகொண்டிருந்தவையும்.

பார்க்கும்போது நகர்ந்துகொண்டிருந்ததை எல்லாம் வலையால் அள்ளி ஊறுகாய் ஜாடியில் போட்டேன். பரீட்சைப் பாட்டில் இரண்டையும் அதிலேயே. எட்டு மணிக்கு ஜாடியில் உயிரோடு ஒன்பது. தொட்டியில் ஒன்றும் இல்லை.

செடிகளைப் பிடுங்கி, பாட்டில் பாசியையும் சேர்த்து, மழைத்தண்ணீர் பக்கெட்டில் எறிந்தேன். குப்பையில் போடவில்லை. சாட்சிக்கு வேண்டும்.

வயல் மருந்து. வேறென்ன. துடிப்பு, மல்லாந்தது, எல்லாம் அதே அறிகுறி. பரீட்சையில் தப்பித்தது எப்படி? நான் கிள்ளிப் போட்டது நுனிப் பாசி. விஷம் வேர்க்கிழங்கில் இருந்திருக்கும். வந்த அன்றே குப்பையில் போட்டிருக்க வேண்டும். இருபத்தொரு நாள் கழுத்து ஒடிய வேலை செய்தது யாரோ ஒருத்தியின் வயல் மருந்தைக் கொண்டுவந்து என் தொட்டியில் இறக்கத்தான்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் சொல்லவில்லை. ஆறுதல்கூட.

மாவட்டத்தில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மணி ஐம்பதுக்கே போட்டுவிட்டேன். செத்த இறால் போட்டோவோடு. "சேத்தியாத்தோப்பு ஜெயசீலியிடம் செடி வாங்காதீர்கள். வயல் மருந்து கலந்த செடி. எழுபது உயிர் போனது." மத்தியானத்துக்குள் நாற்பது பதில். எனக்கும் இப்படி ஆனது என்று இரண்டு பேர். கொடுத்த ஆர்டர் வேண்டாம் என்று நான்கைந்து பேர்.

கம்பெனியில் பூச்சுக் கலவை தண்ணீராகிவிட்டது. கொட்டிவிட்டுத் திரும்பக் கலக்கினேன்.

நவம்பர் 1, சனி

மூட்டம். ஜாடியில் ஒன்பது. சாப்பிடவில்லை, ஆனால் நிற்கின்றன.

ஜெ. காலையிலேயே போன். ஒரு முறை பார்த்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில், கையில் ஈரச் சாக்கோடு. அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"ஏம்மா, எங்க தொட்டியிலயும் எறா இருக்குது. அதே பாசிதான் அதுலயும். அது சாவலியே."

"உங்க எறாவுக்கு அந்த மருந்து பழகிப்போயிருக்கும்."

பிறகு மெதுவாகச் சொன்னார். வயலுக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் வீடு இருக்கிறதாம். பக்கத்து வயலில் மருந்து அடிக்கிற அன்று படுதா போட்டு மூடிவிடுவாராம். தண்ணீர் கைபம்புத் தண்ணீராம். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. படுதாவில் காற்று நுழையும். நிலத்தடி நீரிலும் மருந்து இறங்கும். நிறையப் படித்தவளுக்குப் பதில் கிடைப்பது ஒரு கஷ்டமா.

கடைசியில், "போடறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு என்னைய கேட்டிருக்கலாம்மா" என்றார்.

கேட்டால் ஒத்துக்கொண்டிருப்பீர்களா என்றேன். வைத்துவிட்டார்.

கோபம் குறையவில்லை. குறையக் கூடாது என்றும் இருக்கிறது. கோபம் இருக்கும்வரை அந்த வெறும் தொட்டியைப் பார்க்க முடிகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையில் பூக்காரர்களிடம் கூட்டம், சாமந்தி மாலை.

குழுவில் ஒரு வரி: ஜெயசீலி வெளியேறினார். கீழே யாரோ, "மாட்டிக்கிட்டா ஓடத்தான செய்வாங்க." அதற்கு நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகாமல் இருக்க.

அம்மா இரண்டு நாளாகச் சாதத்தைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாள். என் எதிரில் உட்காருவதில்லை.

ஒன்பதில் ஒன்று தோல் உரித்திருக்கிறது. முழுசாக, கண்ணாடிச் சட்டை மாதிரி.

நவம்பர் 4, செவ்வாய்

மாதாந்திரக் கரண்ட் கட். கம்பெனி லீவு. லீவு இல்லையென்றால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பத்து மணிக்கு மல்லிகா அக்கா வந்தார். கொசு மருந்து ஊற்ற வாரா வாரம் செவ்வாய் வருகிறவர். கையில் டார்ச், தோளில் பை. அந்த நேரத்தில் நான் எப்போதும் கம்பெனியில் இருப்பேன். இரண்டு மூன்று தடவைதான் நேரில் பார்த்திருக்கிறேன். தொட்டி, டிரம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனார். அங்கிருந்தே கேட்டார்:

"போன வாரம் பேசின்ல ஊத்துனனே பாப்பா, புழுவெல்லாம் செத்துச்சா?"

எனக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பேசின் என்று கேட்டேன். இது ஒன்றுதான் இருக்கிறது. ஆனாலும் கேட்டேன்.

"இந்த வெள்ள பேசின்தான். செடி கெடந்துதே. எம்மாம் புழு. அம்மா இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னாங்க, ஊத்துனன்."

அடுப்படியில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்தேன். வந்து போன தேதியும் கையெழுத்தும் அதில்தான். 28.10. நான் கம்மாபுரத்தில் சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்த காலை. ஏழு நாளாக அந்தக் கதவை எத்தனை முறை சாத்தியிருக்கிறேன்.

மருந்தை ஊற்றினால் தண்ணீர் கொஞ்சம் பால் மாதிரி ஆகும் என்றார் மல்லிகா அக்கா. கறுப்புத் தொட்டியாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். வெள்ளைப் பேசினில் வெள்ளை. அதே வெள்ளைதான் புழுவைக் காட்டியது.

அவர் மேல் தப்பே இல்லை. தேங்கின தண்ணீர், புழு, தெருவில் காய்ச்சல். ஊற்றத்தான் வேண்டும். சாட்சி என்று நான் வளர்த்த புழுதான் அவரை உள்ளே கூட்டிவந்தது. ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அட்டையில் இன்றைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு அம்மா. கத்தினேன். எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். முதலில் அவள் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊற்றியதற்கு இவ்வளவு கோபமில்லை எனக்கு. ஏழு நாள் வாய் திறக்காததற்கு. நான் குழுவில் போட்டது அவளுக்குத் தெரியும். போனில் ஜெ.யிடம் பேசியதை ஹாலில் நின்று கேட்டாள்.

"அன்னிக்கு காலையில நீ ஆடுன ஆட்டத்தப் பாத்தா யாருக்குடி சொல்ல வாய் வரும்?"

உரித்த வெங்காயத்தைத் தள்ளி வைத்தாள். அவளே சொன்னாள்:

"அவ யாரோ, எங்கியோ இருக்கறா. அவ மேலயே போவட்டும்னு இருந்துட்டன். என்மேலன்னு தெரிஞ்சா நீ ஒரு மாசம் பேசமாட்ட. இருந்திருக்கியே."

இருந்திருக்கிறேன். போன வருடம், புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டதற்கு. ஒரு மாதமும் நான்கு நாளும். அவள் நாள் எண்ணியிருக்கிறாள்.

இப்போது எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. எல்லார் மேலும் இருக்கிறது.

நவம்பர் 5, புதன்

கனமழை. கம்பெனிக்கு நனைந்துகொண்டே போனேன்.

மறுப்பை மூன்று முறை எழுதி அழித்தேன். முதல் இரண்டும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி, "தவறான புரிதல் காரணமாக" என்று. வாசித்தவளுக்கு வரும் வியாதி. கடைசியில்: "நான் போட்டது பொய். ஜெயசீலி அக்கா செடியில் விஷம் இல்லை. என் வீட்டில் கொசு மருந்து ஊற்றினார்கள். விசாரிக்காமல் போட்டேன்."

ஏழு கட்டைவிரல். ஒரு சிரிப்பு பொம்மை. அட்மின்: "விடுங்க சிஸ்டர், எல்லாருக்கும் நடக்கறதுதான்." பொய்க்கு நாற்பது பதில், மெய்க்கு ஒன்பது. எனக்கும் இப்படி ஆனது என்ற இரண்டு பேரையும் காணோம். ஜெ. அந்தக் குழுவிலேயே இல்லை. யாருக்காக எழுதினேன்?

போன் ஆறு முறை. எடுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சேத்தியாத்தோப்பு. பஸ்ஸில் நின்றுகொண்டே. வெள்ளாற்றில் செம்மண் தண்ணீர் போகிறது.

டீக்கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முன்னால் வீடு, அதற்குப் பின்னால் தொட்டி, நடுவில் சுவர். சொன்னது போலவே. தொட்டிகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. படுதா மடித்து ஓரமாக.

ஜெ. அக்கா உள்ளே கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கவிழ்ந்த தொட்டியின் மேல் உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேசின், புழு, அட்டை, அம்மா. கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது: வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வேப்பூரில் சாப்பிட நிறுத்தின இடத்தில் தெரிந்தவன் ஒருவன், உன் பொண்டாட்டி விஷச் செடி விற்கிறாளாமே என்று கேட்டிருக்கிறான். அவர் லோடு இறக்கிவிட்டு நேராக வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டார். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பாசி, இறால், எல்லாம் சாக்கடையில். நவம்பர் 3. எனக்கு உண்மை தெரிவதற்கு முதல் நாள்.

"ஆறு வருசம்மா. ஒரு விரக்கடை பாசியில ஆரம்பிச்சன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்தச் சொல் அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. அப்போதுதான் பக்கெட் நினைவுக்கு வந்தது. சாட்சிக்கு என்று வைத்தது. அவருடைய பாசியில் எனக்குத் தெரிந்து மிச்சம் இருப்பது அது மட்டும்தான், விஷத்தோடு. சொன்னேன். சுத்தம் பண்ணித் தருகிறேன் என்றேன்.

"வெசம் போயிடுச்சின்னு எப்பிடித் தெரியும்?"

"எறாவ விட்டுப் பாக்கணும்."

"எங்கிட்ட எறா இல்ல."

"எங்கிட்ட ஒம்போது இருக்குது."

முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். எழுந்து வாசல்வரை வந்தார்.

"பஸ்ல குடுத்து வுடாத. அவரு வூட்ல இருக்கறப்ப நீயே கொண்டாந்து குடு. அவரு முன்னாடி வாயால சொல்லு, செடியில வெசம் இல்லன்னு. குரூப்புல எழுதுனத அவரு படிக்கமாட்டாரு."

திரும்பும்போது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் முழுக்கக் கொசு மருந்து வாசனை என்று தோன்றியது. இல்லை, யாரோ வாங்கிப் போகிற பினாயில்.

நவம்பர் 10, திங்கள்

நாள் 1. பேசினைச் சோப்புப் போட்டு ஐந்து முறை கழுவினேன். பாசி பாதி பழுப்பு. பச்சையாக இருந்ததை மட்டும் பிரித்தேன், ஒரு கைப்பிடி. அனுபியாஸ் இரண்டு. நாடாச் செடி போய்விட்டது.

– தினமும் முழுத் தண்ணீர் மாற்றம். இந்தத் தடவை ஒரு நாள்கூடத் தேங்கவிடக் கூடாது.
– மீன் கடை ஃபில்டர் கரி, துணிப்பையில் கட்டி உள்ளே.
– மேலே வலை.
– மல்லிகா அக்காவிடம் சொல்ல வேண்டும்.

வலை தேடிக்கொண்டிருந்தேன். அம்மா பழைய கொசுவலையை வெட்டி, சுற்றிலும் எலாஸ்டிக் தைத்துக் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் இன்னும் பேசவில்லை. ஆறாம் நாள். இந்த முறை எண்ணுவது நான்.

நவம்பர் 18, செவ்வாய்

நாள் 9. இடுக்கில் புதுத் துளிர், ஊசிமுனை அளவு.

கம்பெனியிலிருந்து வந்து அட்டையைப் பார்த்தேன். 18.11, கையெழுத்து. பக்கத்தில் மல்லிகா அக்கா எழுதியது: பேசின் வேண்டாம். நான் சொல்லவே இல்லை, மறந்துவிட்டேன். அம்மா சொல்லியிருக்கிறாள்.

"தேங்க்ஸ்" என்றேன் அடுப்படியைப் பார்த்து. "சாப்புடு, ஆறுது" என்றாள்.

கோபம் தீரவில்லை. யாரோ ஒருத்தி மேல் போகட்டும் என்று இருந்தாளே. அது அப்படியே இருக்கிறது. ஆனால் சாதம் ஆறியும்தான் போகிறது.

நவம்பர் 30, ஞாயிறு

நாள் 21. குளிர்ந்த காலை.

ஜாடியில் ஒன்பது. அதில் ஒன்று வயிற்றில் முட்டையோடு. அதைத் தொடமாட்டேன். மற்ற எட்டில் இரண்டு. அரை மணி நேரம் கையில் வலையோடு நின்றேன். எதை எடுப்பது என்பதற்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. முன்னால் வந்த இரண்டை எடுத்தேன்.

பாட்டில், பேசின் தண்ணீர், பாசி. இந்த முறை நுனி மட்டுமில்லை, வேர்ப்பக்கமும்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். "செத்துட்டா?"

"ஏழு இருக்கும்."

"பாசிய என்ன பண்ணுவ?"

"மறுபடியும் மொதல்லேர்ந்து."

ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பாட்டில் எதிரில் போட்டாள். எனக்கு என்று நினைத்தேன். அவளே உட்கார்ந்துகொண்டாள்.

டிசம்பர் 4, வியாழன்

தூறல். ஐந்தாம் நாள். இரண்டும் மேய்கின்றன. ஒன்று தோல் உரித்திருக்கிறது.

ஜெ. அக்காவுக்கு போன். எடுத்தார். ஞாயிறு வீட்டுக்காரர் இருப்பாராம்.

டிசம்பர் 7, ஞாயிறு

வெயில். டப்பாவில் ஈரத் துணி, பாசி, அனுபியாஸ் இரண்டு. இன்னொரு டப்பாவில் பாட்டிலில் இருந்த அந்த இரண்டு இறால். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் எழுதுகிறேன். அக்கா வீட்டுக்காரர் முன்னால் சொல்ல வேண்டியது, தடுமாறாமல் இருக்க:

1. அக்கா செடியில் விஷம் இல்லை.
2. விஷம் என் வீட்டில் ஊற்றியது.
3. நான் விசாரிக்காமல் எழுதினேன்.
4. தொட்டியைக் கவிழ்ப்பதற்கு முன்னால் நீங்கள் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நாலாவதைத்தான் ஒரு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில், பூச்சுக் கலக்கும்போது, தண்ணீர் மாற்றும்போது. நன்றாக வருகிறது. குரல்கூடச் சரியாக வந்துவிட்டது.

நானும்தான் கேட்கவில்லை.

நாலை அடித்துவிட்டேன். பஸ் வந்துவிட்டது.